மூன்று அரைக்குடிகாரர்கள்

கல்லூரியில் எங்களுக்கு 'ரோமியோ ஜூலியட்' பாடமாக இருந்தது. அதில் மெர்குஷியோ என்ற வாயாடி, டிபால்ட் என்பவனுடைய வாள்வித்தையைக் கேலி செய்யும் இடம் ஒன்று உண்டு. தாளம் பார்த்துப் பாடுகிறவனைப் போலச் சண்டை போடுகிறான் என்று பரிகாசம் செய்துவிட்டு, இத்தாலியச் சொற்கள் நாலைந்தை வாயில் போட்டு மெல்லுவான். எங்கள் பேராசிரியர், "இதெல்லாம் வாள்வீச்சுப் பரிபாஷை" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததால் நாங்களும் கேட்கவில்லை.

வெகுகாலத்துக்குப் பிறகு, ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலக் கனவான் 1599-ல் வெளியிட்ட புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. அதைப் படித்தபோதுதான் மெர்குஷியோவின் கேலிக்குப் பின்னால் ஒரு பெரிய தகராறு இருந்தது தெரிந்தது. வாள்வித்தை கற்றுக்கொடுக்க யாருக்கு யோக்கியதை உண்டு? அந்த யோக்கியதையை யார் பார்த்துச் சொல்வது? இதுதான் தகராறு. ஐந்தாறு வருஷம் அல்ல, ஒரு தலைமுறைக் காலம் லண்டன் நகரத்து ஆண்பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசித் தீர்த்திருக்கிறார்கள்.

இது வெறும் வாய்ச் சண்டை அல்ல. நாம் வெளியே போகும்போது குடையை எடுத்துக்கொள்வதைப்போல அந்தக் காலத்துக் கனவான்கள் இடுப்பில் வாளைச் செருகிக்கொண்டார்கள். குடை வைத்திருப்பவன் மழை வந்தால் விரிப்பான். வாள் வைத்திருப்பவன் கோபம் வந்தால் உருவுவான். 1598 செப்டம்பரில் நாடகாசிரியர் பென் ஜான்ஸன், கேப்ரியல் ஸ்பென்ஸர் என்ற நடிகரை லண்டனுக்கு வெளியே ஒரு வயல்வெளியில் குத்திக் கொன்றுவிட்டார். லத்தீன் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சட்டம் காட்டிய சலுகையினால் கழுத்து தப்பியது. கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். எதிரியின் வாள் தம்முடையதைவிட 10 அங்குலம் நீளம் என்று பிற்காலத்தில் ஜான்ஸன் சொல்லிக்கொண்டார். வாளின் நீளம் அரசாங்கத்துக்கும் கவலை தந்த விஷயம்தான். அலகு ஒரு கஜமும் அரைக்கால் கஜமும், அதாவது நாற்பதரை அங்குலம், அதற்குமேல் போகக்கூடாது என்று 1562-ல் எலிசபெத் ராணி பிரகடனம் போட்டார். வாளை அளப்பது எளிது, ஒரு கஜக்கோல் போதும். அந்த வாளைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவரை எந்தக் கோலால் அளப்பது?

லண்டனில் அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. 'தற்காப்பு ஆசான்கள்' என்று ஒரு சங்கம். பிழைப்பு என்னவோ சந்தேகத்துக்குரிய பிழைப்புத்தான். 1285-லேயே லண்டன் நகருக்குள் சண்டைப் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மீறினால் 40 நாள் சிறை. 1572-ம் வருஷத்து நாடோடிகள் சட்டம், பிரபு ஒருவருடைய ஆதரவு இல்லாத வாள்வித்தைக்காரர்களையும் நாடகக்காரர்களையும் கரடியாட்டிகளையும் ஒரே வரியில் சேர்த்து, போக்கிரிகள் என்று முத்திரை குத்தியது. இத்தகைய தொழில்காரர்கள், ஊர் தங்களை மதிக்கவேண்டுமானால் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். எட்டாம் ஹென்றி 1540-ல் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்து உத்தரவு பிறப்பித்தார். அவர்கள் அனுமதி இல்லாமல் எவனாவது வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினால், அவனைப் பிடித்து நீதிபதிமுன் நிறுத்தலாம்.

சங்கத்தில் நாலு படிகள். முதலில் மாணாக்கன். பிறகு சுதந்திர மாணாக்கன். அதற்கு மேலே 'புரோவோஸ்ட்'. அவர் ஓர் ஆசானுக்குக் கீழே இருந்து சொல்லிக்கொடுக்கலாம். கடைசியில் ஆசான். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏற வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதன்பின் பரீட்சை. நாலு சுவருக்குள் நடக்கிற பரீட்சை அல்ல, அரங்கேற்றம் என்றே சொல்லவேண்டும். லட்கேட் மேட்டில் இருந்த பெல் ஸாவேஜ் சத்திரத்து முற்றத்திலோ, பிஷப்ஸ்கேட்டில் இருந்த புல் சத்திரத்திலோ மேடை போடுவார்கள். நாள் குறித்து ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டுவார்கள். பரீட்சைக்கு வந்தவன் மேடை ஏறி நிற்பான். அவன் எந்தப் படியைக் கேட்கிறானோ அந்தப் படியில் ஏற்கனவே இருப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, நீண்ட வாள், வாளும் கேடயமும், கம்பு என்று குறிப்பிட்ட ஆயுதங்களில் அவனோடு மோதுவார்கள். அவன் களைத்துப்போன பிறகும் புதிய ஆள் வந்துகொண்டிருப்பான். மூத்த ஆசான்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். கூடியிருக்கும் ஜனங்கள் காசு வீசுவார்கள்.

இந்தச் சங்கத்தின் பதிவேடு ஒன்று கையெழுத்துப் பிரதியாக லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. யார், எங்கே, எந்த ஆயுதத்தில், யாரோடு மோதினார்கள் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. நீளமான ஒரு பெயர்ப் பட்டியல்தான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஓரிடத்தில் கண் நின்றுவிடும். 1587 அக்டோபர் 23-ல் ஆசான் ஆனவர் ரிச்சர்ட் டார்ல்டன். எலிசபெத் ராணியையே விழுந்து விழுந்து சிரிக்க வைத்த ஹாஸ்ய நடிகர்! மேடையில் முகத்தைக் காட்டினாலே கொட்டகை சிரிக்குமாம். அந்த மனிதர் வாளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மேடையில் நின்றபோது ஜனங்கள் சிரித்தார்களா, மூச்சைப் பிடித்துக்கொண்டார்களா? அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார்.

ஆசான் ஆகிறவர் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும். கொலைகாரனுக்கும், திருடனுக்கும், குடிகாரனுக்கும், சண்டைக்கு அலைகிறவனுக்கும் வித்தையைச் சொல்லித் தருவதில்லை. எதிரி ஆயுதம் இழந்து நின்றாலும், காலடியில் விழுந்தாலும், முதுகைக் காட்டினாலும், நம் உயிருக்கு ஆபத்தில்லாதவரை அவனைக் கொல்வதில்லை. இந்தப் பிரமாணத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் மதிப்பு வந்தது. ஆனால் ஒன்று. பரீட்சை வைக்கிறவர்களும் அவர்களே, தேர்கிறவர்களும் அவர்களே, தேர்ந்தபின் நகரத்து மாணாக்கர்களைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்களும் அவர்களே. வெளியாள் ஒருவன் வந்து கடை போட்டால் அவன் வித்தை பொய் என்று சொல்ல அவர்களுக்கு வேறு காரணமும் இருந்தது.

அப்படி வந்த வெளியாட்கள்தான் இத்தாலியர்கள். சில்வர் கணக்குப்படி 1569 வாக்கில் ரோக்கோ என்பவர் லண்டனுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த ஆயுதம் ரேப்பியர். ஒல்லியான, நீளமான, வெட்டுவதைவிடக் குத்துவதற்கே ஏற்ற வாள். அவர் சங்கத்துப் பரீட்சைக்குப் போகவில்லை. வார்விக் சந்தில் பெரிய வீடாகப் பிடித்தார். அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்வது கௌரவக் குறைவு என்று 'கலாசாலை' என்று பெயர் வைத்தார். சுவரெங்கும் தம்மிடம் பயின்ற பிரபுக்களின் குலச்சின்னங்களை மாட்டினார். நடுவில் ஒரு பெரிய மேஜை. அதன்மேல் தங்கச் சரிகைக் குஞ்சம் வைத்த பச்சை விரிப்பு. சிவப்பு வெல்வெட் போர்த்த மைக்கூடு, பேனா, மணல், அரக்கு, பொன் விளிம்புக் காகிதம். பயிற்சிக்கு நடுவே பிரபுக்களுக்குக் கடிதம் எழுதத் தோன்றினால் எழுதலாம். நேரம் பார்க்க ஒரு கடிகாரம். ரகசியப் பாடங்களுக்கென்று பூட்டிய தனி அறை. சம்பளம் 20 பவுன், 40 பவுன்; 100 பவுன்கூட வாங்கினார் என்கிறார் சில்வர். மாணாக்கர்களின் பாதரட்சையில் ஈயத் தகடு வைக்கச் சொன்னாராம், பிறகு அதை எடுத்துவிட்டால் கால் காற்றாகப் பறக்கும் என்று!

வைத்தியரை அவர் வீட்டு வாசல் பலகையைப் பார்த்து எடை போடுகிற உலகம் இது. கூட்டம் குவிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆஸ்டின் பாகர் என்ற ஒரு கனவான் இருந்தார். பெரிய வித்தை ஒன்றும் தெரியாது, நெஞ்சழுத்தம் மட்டும் உண்டு. அவர் வாளும் கேடயமுமாக ரோக்கோ குடியிருந்த பிளாக்ஃபிரையர்ஸ் வீட்டின்முன் போய் நின்று, வெளியே வா என்று கூப்பிட்டார். ரோக்கோ இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய வாளோடு வந்தார். பாகர் உள்ளே பாய்ந்து காலை வாரிவிட்டு, பின்புறத்தில் ஒரு வெட்டும் வெட்டி, மேலே மிதித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு சமயம் தேம்ஸ் நதித் துறையில் ஒரு படகோட்டிமேல் ரோக்கோ ரேப்பியரை உருவ, துடுப்பாலேயே சாத்தி அனுப்பினார்கள். துடுப்பு நீளமானது, ரேப்பியர் குட்டையானது, ஆகையால் இந்த ஒரு சண்டையில் மட்டும் அவரை மன்னித்துவிடலாம் என்று சில்வர் எழுதுகிறார். இந்த மனிதருக்குக் கோபம் வந்தால்தான் நகைச்சுவையும் வருகிறது.

ரோக்கோவுக்குப் பிறகு வின்ஸென்டியோ ஸாவியோலோ என்பவரும், ஜெரோனிமோ என்பவரும் கடை நடத்தினார்கள். ஆங்கிலேயனுக்குப் பலம் உண்டு, நுட்பம் கிடையாது, சண்டையில் பின்வாங்கிக்கொண்டே போவான் என்று அவர்கள் சொன்னது சில்வரின் காதில் விழுந்தது. சில்வரும் அவர் தம்பி டோபியும் சவால் விட்டார்கள். பெல் ஸாவேஜ் மேடைமீது ரேப்பியர், குறுவாள், வாள், கேடயம், இரட்டைக்கை வாள், கம்பு, கோடரி, ஈட்டி எல்லாவற்றிலும் மோதிப் பார்க்கலாம். மேடையில் பின்வாங்கினால் என்ன ஆகும்? விளிம்பிலிருந்து விழுந்து கழுத்து முறியும். யார் பின்வாங்குகிறவன் என்று ஊர் பார்க்கட்டும்! நூறுக்கு மேற்பட்ட விளம்பரங்களை அச்சடித்து வெஸ்ட்மின்ஸ்டர்வரை ஒட்டினார்கள். குறித்த நாளில், குறித்த மணியில், அத்தனை ஆயுதங்களையும் சுமந்துகொண்டு அண்ணனும் தம்பியும் போய் நின்றார்கள். இத்தாலியர்களின் பள்ளிக்கூடம் அங்கிருந்து ஓர் அம்பு பாயும் தூரம்தான். கூட்டத்தில் இருந்தவர்கள் விளம்பரத் தாளைக் கொண்டுபோய் அவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஸாவியோலோ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பீர்க்கடையில் ஆங்கில ஆசான்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். வழியே வந்த இத்தாலியர்களைக் குடிக்கக் கூப்பிட்டார்கள். அவர்களோ பயந்து கதவைச் சாத்திக்கொள்ள, ஒரு பெண் தெருவில் ஓடிவந்து, ஐயோ கொல்லுகிறார்களே என்று கத்த, ஜனங்கள் கூட, ஒரே அமளி. மறுநாள் ராஜசபை முழுவதும் என்ன செய்தி பரவிற்று தெரியுமா? லண்டன் ஆசான்கள் அத்தனை பேரையும் இத்தாலியர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துப் புடைத்துவிட்டார்கள் என்று! போன மரியாதை திரும்பி வந்தது, வருமானமும் வந்தது என்று சில்வர் பல்லைக் கடிக்கிறார்.

இவ்வளவு ஆத்திரத்துக்கு நடுவே அவர் ஒரு யோசனை சொல்கிறார். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். அந்நிய ஆசான் எவனும் கற்றுக்கொடுக்கத் தொடங்குமுன் ஒன்பது பேரோடு மோதவேண்டும், ஒவ்வொருவரோடும் மூன்று முறை. முதலில் ஆங்கில ஆசான்களில் தலைசிறந்த மூவர். அடுத்தபடி, வித்தையே தெரியாத, ஆனால் துணிச்சலுள்ள மூவர். கடைசியில், அரைக்குடிபோதையில் இருக்கும் முரட்டு ஆட்கள் மூவர். ஆசான்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்டு, மற்றவர்களை அடித்துத் தான் அடிபடாமல் வந்தால் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். தோற்றால் அவன் பொய் ஆசான், கொலைகாரன். தனியாகத் தண்டனை வேண்டாம். அந்தப் பரீட்சையில் கிடைக்கிற அடியே போதும்.

முதல் தடவை படித்தபோது அரைக்குடிகாரர்களை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாந்தடவை சிரிப்பு வரவில்லை. சங்கத்துப் பரீட்சையில் ஆசானை ஆசானே சோதித்தான். இருவரும் ஒரே பாடம் படித்தவர்கள். இவன் இப்படி வீசினால் அவன் அப்படித் தடுப்பான் என்பது இருவருக்கும் தெரியும். சந்து முனையில் மாணாக்கனை மறிக்கப்போகிறவன் அந்தப் பாடத்தைப் படித்தவன் அல்ல. அவன் பீர்க்கடையிலிருந்து வருவான். முறை தெரியாமல், உயிர்ப் பயம் மங்கிப்போய், கண்டபடி வீசுவான். வித்தை அவனிடம் செல்லவேண்டும். சில்வர் சொன்னது சரிதான் என்பதற்கு ஜெரோனிமோவே சாட்சியானார். காதலியோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தவரைச் சீஸ் என்ற ஒரு பழைய பகையாளி மறித்து இறங்கச் சொன்னான். ரேப்பியர் வித்தையில் சீஸுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. இரண்டு குத்தில் ஜெரோனிமோ செத்து விழுந்தார். ரேப்பியர் முறையில் நன்றாகப் பயின்ற இருவர் மோதினால் பெரும்பாலும் இருவருமே சாகிறார்கள், இதற்கு எதற்கு வாத்தியார் என்று சில்வர் கேட்பதற்கும் பதில் சொல்வது கஷ்டம்.

இந்த விஷயத்தில் நான் வெகுநாள் சில்வர் கட்சிதான். பிறகு எதிர்க்கட்சியின் பிரமாணத்தையும் பார்ப்போமே என்று, ஸாவியோலோ 1595-ல் வெளியிட்ட புத்தகத்தை எடுத்தேன். விநோதம் என்னவென்றால் இரண்டு புத்தகங்களும் ஒரே பிரபுவுக்குக் காணிக்கை: எஸெக்ஸ் பிரபு. வாள்வித்தையில் இரு கட்சியும் நம்பிய அந்தப் புரவலரின் தலை, 1601-ல் ராஜத்துரோகத்துக்காகக் கோடரிக்குப் போயிற்று.

ஸாவியோலோவின் புத்தகம் சம்பாஷணையாக இருக்கிறது. லூக் என்ற சீடன் கேட்கிறான், ஆசிரியர் பதில் சொல்கிறார். அதில் சவடால் இருக்கும், ரகசியக் குத்து இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது வேறு. வலது கால் எங்கே, இடது கை எங்கே, எதிரி கையை உயர்த்தினால் உடம்பை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று, குழந்தையின் கையைப் பிடித்து அகரம் எழுதவைப்பதுபோல் ஒரு மனிதர் சொல்லிக்கொண்டே போகிறார். சீடன் கேட்காமல் போவதில்லை, இவரும் அலுத்துக்கொள்வதில்லை. பெல் ஸாவேஜ் மேடைக்கு வராமல் ஒளிந்துகொண்டவர் என்று சொல்லப்பட்டவர் இவர்தானா?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில்வர் வகுத்த பரீட்சையில் சோதிக்கப்படுவது ஆசானுடைய கை. அந்தக் கையில் இருப்பது இன்னொருவன் கைக்குப் போய்ச் சேருமா என்பதைச் சோதிக்க அங்கே ஆளே இல்லை. ஒன்பது பேர் வருகிறார்கள். பத்தாவது ஆளாக ஒரு மாணாக்கனை நிறுத்தி, இவனுக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடு, பிறகு இவனை அந்தக் குடிகாரனிடம் அனுப்புவோம் என்று சில்வர் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லமுடியாது. அப்படிச் சோதித்தால் ஆசான் தோற்கும்போது சாகிறவன் மாணாக்கன் அல்லவா! தவிர, நமக்குக் கிடைத்திருப்பது சில்வரின் வாக்குமூலம் மட்டும். பாகர் வெட்டிய வெட்டும், பீர்க்கடை அமளியும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். போட்டிக்காரன் எழுதிய சரித்திரத்தை நான் பூரணமாக நம்பத் தயாராக இல்லை. எழுத்தாளனாக இருப்பதால் இந்த எச்சரிக்கை கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

சங்கத்துப் பரீட்சை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேடையும் விளம்பரமும் காசு வீச்சும் தங்கின, பரீட்சை கழன்றுகொண்டது. 1663 ஜூன் முதல் தேதி, ஸாமுவேல் பீப்ஸ் லண்டன் கொட்டகை ஒன்றில் இத்தகைய மோதலைப் பார்க்கப் போனார். இருவரில் ஒருவன் தலையிலும் காலிலும் வெட்டுப்பட்டு உடம்பெல்லாம் ரத்தமாக நின்றான். பீப்ஸ் வாள் ஒன்றின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். சாதாரண வாளைவிட மழுங்கியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் மேடைமேல் காசு மழை பொழிந்தது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ஸாவியோலோவைப் பற்றி சில்வர் சொல்லும் இன்னொரு கதை பாக்கி இருக்கிறது. ஸோமர்ஸெட் பக்கம் வெல்ஸ் என்ற ஊரில், பிராம்பிள் என்ற ஆங்கில ஆசான் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். ஸாவியோலோ அந்த ஊருக்கு வந்தபோது, என் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு கை ஆடுங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். உன்னோடு எனக்கு என்ன ஆட்டம் என்று இத்தாலியர் இளக்காரமாகச் சொன்னார். பிராம்பிள் விட்ட அறையில் அவர் குப்புற விழுந்தார். எழுந்து குறுவாளில் கை வைத்து, உன்னை ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம், நாலு வருஷம் சிறையில் தள்ளுவேன் என்று எண்ணினார். பிராம்பிள் கையில் இருந்தது பீர் ஊற்றி வைத்த பெரிய தோல் ஜாடி ஒன்றுதான். அதை அப்படியே அவர் தலையில் கொட்டினார்.

மறுநாள் தெருவில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். நேற்று நீர் என்னை நடத்தியது சரியில்லை, நான் சிறந்த ஆள், எந்த ஆங்கிலேயனைவிடவும் இரண்டு அடி தூரம் கூடுதலாகக் குத்துவதற்கு உமக்குக் கற்றுத் தருகிறேன், முதலில் என்னோடு வாரும் என்றார் ஸாவியோலோ. அழைத்துக்கொண்டு ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார். சட்டையையும் கால்சட்டையையும் சேர்த்துக் கட்டும் பட்டு நாடாக்களில் உயர்ந்த ரகத்தைக் காட்டச் சொன்னார். டஜன் 7 குரோட்டு. 14 குரோட்டு கொடுத்து இரண்டு டஜன் வாங்கி, ஒரு டஜனைப் பிராம்பிள் கையில் கொடுத்து, மற்றதைத் தாம் வைத்துக்கொண்டார்.

கடல் கடந்து வந்த மகாவீரனின் லட்சணம் இது என்று சில்வர் எள்ளி நகையாடுகிறார். நானோ, அறைந்தவனுக்கே பாடம் சொல்லித் தருகிறேன் என்று மறுநாள் காலையில் தேடிக்கொண்டு வந்த அந்த மனிதரைத்தான் பார்க்கிறேன். இரண்டு அடி தூரம் கூடுதலாகக் குத்தும் அந்தப் பாடம் நடந்ததா என்று சில்வர் எழுதவில்லை.